கப்பலுக்குப் போகாத பதில்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷத்தைக் கடத்திவிட்டேன். தாளை எடுத்துப் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே ஒரு வரியும் வராது. மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவனுக்கு எழுத்து எங்கே வரும் என்பது ஒரு தயக்கம். அப்பன் மகனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று ஊர் சொல்லுமே என்பது அதைவிடப் பெரிய தயக்கம். இதில் வருகிறவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லாரும் எனக்கு நல்லது செய்தவர்கள். அவர்கள் மனம் நோகாமல் இதைச் சொல்ல முடியுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சமீபத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் இருந்தவர் பக்கத்து இலைக்காரரிடம் என் காதில் விழவே சொன்னார்: "இவிய மகன்தான்வே, பெத்த தாயி சாகக் கிடக்கான்னு எழுதிப் போட்டும் கப்பலை விட்டு இறங்காதவன்."

இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் ஊர் அம்பாள் செண்பகவல்லித் தாய் சாட்சியாக, நடந்ததை மட்டும்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் நான் சரக்கு அனுப்புகிற வேலை பார்த்தேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தையே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பண்டல்களை எண்ணி லாரியில் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, வடக்கே டெல்லி, கான்பூர் என்று வழியனுப்புவது என் பாடு. லாரி கிளம்பும்போது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "முருகா, பத்திரமாப் போய்ச் சேரணும்" என்று கழுகுமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவேன். வழியில் மழையில் நனைந்த சரக்கு உண்டு, பஞ்சராகி நின்ற லாரி உண்டு. போகாமலே நின்ற சரக்கு என் கையில் கிடையாது. அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

எங்களுக்கு ஒரே மகன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, தூத்துக்குடியில் யாரையோ பிடித்து, சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனான். அவன் போகிற அன்று என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார்.

"ஏலே, கரிசக்காட்டுப் பயலுக்குக் கப்பல்ல என்னலே சோலி? தண்ணியை மொத்தமாப் பாத்தா மயக்கம் போட்ருவியேலே."

"அங்கன தண்ணி லாரி எப்ப வரும்னு குடத்தைத் தூக்கிட்டு நிக்க வேண்டாம்லா மாமா" என்றான் மகன். மாமாவும் மருமகனும் அப்படிச் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி.

கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது நாம் போன் பேச முடியாது. கரையில் நிற்கும்போதும் அங்கே கூப்பிட நம்மிடம் எண் கிடையாது. மின்னஞ்சல் அனுப்பலாம். அது கேப்டனின் கம்ப்யூட்டருக்குப் போகும், அவர் எடுத்துக் கொடுப்பார். ஆனால் வேலைக்குச் சேரும்போதே குடும்பத்தின் மெயில் முகவரி என்று ஒன்றை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரு முகவரியில் இருந்து வந்தால்தான் கப்பலுக்கு விடுவார்கள். வேறு எங்கிருந்து போட்டாலும் கம்பெனியிலேயே தள்ளிவிடுவார்கள். கண்டகண்ட வைரஸ் கப்பலுக்குள் வந்துவிடக் கூடாது என்று அந்தக் கட்டுப்பாடு.

எங்களுக்கு ஏது மெயில்? முதலாளியிடம் போய் நின்றேன்.

"இதுக்கு எதுக்குவே தலையைச் சொறியுதீரு? ஆபீஸ் மெயிலையே எழுதிக் குடும். உம்ம மகன் எம் மகன் இல்லையா?" என்றார். தங்கமான மனுஷன்.

அப்படித்தான் ஆபீஸ் முகவரி எங்கள் குடும்ப முகவரி ஆயிற்று. மகன் தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவான். ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் அதை வாசித்துக் காட்டி, தாளிலும் எடுத்துத் தருவாள். என் மனைவிக்கு அந்தத் தாளைத் தொட்டுப் பார்ப்பதில் ஒரு திருப்தி. வாசிக்கத் தெரியாது, வருடி வருடிப் பார்ப்பாள்.

புறப்படும்போது மகன் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். "ஒவ்வொரு மெயிலும் கப்பல்காரவியளுக்குச் செலவு. சும்மா நலம் நலம்னு எழுத வேண்டாம்ப்பா. ஏதும் இருந்தா மட்டும் எழுதுங்க. எழுதலைன்னா எல்லாரும் சுகம்னு நான் எடுத்துக்கிடுதேன்."

நல்ல யோசனை என்றுதான் அன்றைக்கு எனக்கும் பட்டது.

அவன் போன மறுவருஷம் என் மனைவிக்கு வயிற்றில் வலி வந்தது. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, அறுத்து, வலி மறுபடியும் வந்து, கடைசியில் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, கேட்டதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அவளே சொன்னாள்: "இனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னு சொல்லிட்டாராக்கும். நல்லதாப் போச்சு. அந்த மாடிப்படி ஏற முடியலை."

மகனுக்கு எழுதட்டுமா என்று கேட்டால், "அவன் பொழப்பைக் கெடுக்காதீங்க" என்பாள். வலி இருக்கிறது என்று மட்டும் ஒரு முறை எழுதியிருந்தோம். முழுதும் எழுதவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு நோய் வந்தது. அது தானாகவே மெயில் அனுப்ப ஆரம்பித்துவிட்டது. சரக்கு எடுக்கிற வடநாட்டு ஆட்கள் எல்லாருக்கும் எங்கள் ஆபீஸ் பெயரில் என்னென்னவோ போயிருக்கிறது. ஒருத்தர் போனில் கூப்பிட்டு முதலாளியைச் சத்தம் போட்டார். முதலாளிக்கு மானம் போய்விட்டது. சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. அந்தச் சமயத்தில் ஆயுத பூஜையும் வந்தது.

எங்கள் தீப்பெட்டி ஆபீசில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிசு. மெஷின், தராசு, கத்தரிக்கோல், சைக்கிள் என்று எல்லாவற்றையும் துடைத்து, பழுது பார்த்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலையோடு சாமி முன்னால் வைப்போம். பூஜைக்கு வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி நல்ல நேரத்தில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. கம்ப்யூட்டரும் ஆயுதம்தானே. அதையும் பழுது பார்த்துத்தான் பூஜைக்கு வைக்க வேண்டும் என்று முதலாளி, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த தம்பியை வரச் சொன்னார்.

பூஜைக்கு முந்தின நாள் அந்தத் தம்பி வந்து, வைரஸை எல்லாம் எடுத்துவிட்டு, புதுசாக ஒன்றைப் போட்டான்.

"ஃபயர்வால்னு பேரு முதலாளி. வெளியில இருந்து உள்ள வாரதையும் பாக்கும், உள்ள இருந்து வெளிய போறதையும் பாக்கும். இனி இந்தப் பெட்டி தானா ஒரு மெயிலை வெளிய விட முடியாது."

"தீப்பெட்டி ஆபீஸ்காரனுக்குத் தீச்சுவரைப் பத்திச் சொல்லித் தாரீயாக்கும்? இறுக்கிப் போடுவே. ஈ எறும்பு நுழையப்பிடாது" என்றார் முதலாளி.

அவனும் இறுக்கித்தான் போட்டான். யாரும் கை வைத்து மாற்றிவிடக் கூடாது என்று ஒரு பாஸ்வேர்டும் வைத்தான். "ஒரு மெயில் விட்டுப் பாத்துருவோமா?" என்று அவன் கேட்டபோது, கம்ப்யூட்டர் பிள்ளை அதற்குள் பெட்டிக்குப் பொட்டு வைத்து முடித்து, பூவும் சாத்திவிட்டாள்.

"பொட்டு வச்சாச்சு, இனி தட்டப்பிடாதுண்ணே" என்றாள்.

"அதுவும் சரிதான். விஜயதசமி கழிஞ்சு வந்து பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். அவனுக்கு நாகலாபுரம் பக்கம் ஒரு கிராமம்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. ஆவணியும் புரட்டாசியும் பொய்த்து, ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மழை. தெருவில் எல்லாரும் நனைந்துகொண்டே சிரித்தார்கள். என் மனைவி படுத்தபடியே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நனைத்துக்கொண்டாள்.

விஜயதசமி அன்று காலை நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் காட்டி, கம்ப்யூட்டரைப் போட்டாள் அந்தப் பிள்ளை. கண்ணாடியில் சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. மெயில் வருகிற சத்தம் கேட்டது. மகனுடைய மெயில்.

 அம்மா கனவில் வந்துகொண்டே இருக்கிறாள், மனசு சரியில்லை என்று எழுதியிருந்தான். கேப்டனிடம் கேட்டானாம். இப்போது ஒரு துறைமுகத்தில் சரக்கு இறக்கப் போகிறோம், வீட்டில் இருந்து வரச் சொல்லி ஒரு மெயில் வந்தால் உன்னை அங்கேயே இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுகிறேன் என்று அவர் சொன்னாராம். அந்தத் துறைமுகத்தை விட்டால் அப்புறம் நீண்ட கடல், இறங்க வழியில்லை. கடைசி வரி இதுதான்: பதில் வரவில்லை என்றால் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் அப்பா.

வாசித்து முடித்துவிட்டு அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். நான் வீட்டுக்கு ஓடினேன். மனைவியிடம் சொன்னேன். வழக்கம்போல வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். 

"வந்தா ஒரு வாரமாவது இருப்பானா?" என்றாள்.

பிறகு, "ரெண்டு குடம் தண்ணி கூடப் பிடிச்சு வைங்க. அவனுக்குக் குளிக்கதுக்கு நிறைய வேணும்" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவள் எவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்ப ஆபீசுக்கு வந்து, நான் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை பதிலை அடித்தாள். அம்மாவுக்குக் கடுமை, உடனே இறங்கி வா என்று. முதலாளியும் பக்கத்தில் வந்து நின்றார். "முருகா" என்று சொல்லி அமுக்கச் சொன்னேன். பச்சைக் கோடு கொஞ்ச தூரம் நகர்ந்தது. அப்புறம் நின்றுவிட்டது. சிவப்புக் குறியோடு ஒரு பெட்டி வந்தது.

"என்னம்மா சொல்லுது?"

"சர்வரோட பேச முடியலைங்கு அண்ணாச்சி. இருங்க, மறுபடி போடுதேன்."

மறுபடியும் அதே பெட்டி. மறுபடியும். அந்தப் பதில் அவுட்பாக்ஸ் என்று ஒரு இடம், அங்கேயே உட்கார்ந்திருந்தது. சரக்குக் கிட்டங்கியில் லாரி ஏற்றாமல் கிடக்கிற பண்டலைப் போல.

முதலில் மழையைச் சொன்னோம். தெருமுனையில் போன் கம்பியில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று லைன்மேனைக் கூட்டி வந்தேன். அவர் கேட்டுப் பார்த்துவிட்டு, "லைன் கணகணன்னு இருக்கு அண்ணாச்சி. மெயில் வருதுங்கீங்க, லைன் கெட்டிருந்தா எப்படி வரும்?" என்றார். வரத்தான் செய்தது. அதுதான் கொடுமை. டெல்லிக்காரர் மெயில் வந்தது, கான்பூர்க்காரர் மெயில் வந்தது. வருகிறது எல்லாம் வந்தது, போகிறது ஒன்றும் போகவில்லை. நெட் கொடுக்கிற கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுப் போட்டுவிட்டுக் காக்க வைத்தார்கள். கடைசியில் ஒருவர், எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள் என்றார். அந்தப் பிள்ளை மெயிலுக்குப் போட்டிருந்த சர்வர் பேரை, எண்ணை எல்லாம் அழித்துத் திரும்ப அடித்துப் பார்த்தாள். பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டாள்.

"அண்ணாச்சி, ஓரத்துல புதுசா ஒரு கேடயம் மாதிரி படம் இருக்குல்லா, இதுதான் மறிக்குதோன்னு எனக்குத் தோணுது" என்றாள் அன்று மதியம்.

"அப்ப அதை எடுத்துரு தாயி!"

"எடுக்க விட மாட்டேங்கு. பாஸ்வேர்ட் கேக்குது."

பாஸ்வேர்ட் அந்தத் தம்பிக்குத்தான் தெரியும். அவனுடைய செல்லுக்குப் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பொம்பளை சொல்லிக்கொண்டே இருந்தாள். கடை பூட்டிக் கிடந்தது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். ஆபீஸ் மெயிலை அங்கே திறக்க எங்களிடம் பாஸ்வேர்ட் இல்லை. அதையும் அந்தத் தம்பிதான் போட்டு வைத்திருந்தான், எங்கள் கம்ப்யூட்டரில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தது. புது முகவரி ஒன்று உண்டாக்கி அதில் போட்டோம். அது உடனே திரும்பி வந்தது, அனுமதி இல்லாத முகவரி என்று. மும்பையில் கப்பல் கம்பெனிக்கு முதலாளியே போன் போட்டார். தசரா லீவு. காவலுக்கு இருந்தவர் எடுத்தார். முதலாளி தனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் கொட்டினார். அவர் கேட்டுவிட்டு, பதிவு செய்த முகவரியில் இருந்து மெயில் போடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். டாக்டர் சீட்டை ஃபேக்ஸில் அனுப்பினோம். போனது. பூட்டின அறையில் அந்தத் தாள் விழுந்து கிடந்தது என்று பின்னால் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பதில் போயிட்டா?"

"போகலை."

"தீப்பெட்டி டெல்லிக்குப் போகுது. நாலு வரி கப்பலுக்குப் போகாதாக்கும்? நீங்க என்ன சரக்கு அனுப்புதீங்களோ" என்று சிரித்தாள். சிரிக்கும்போது வலித்திருக்க வேண்டும், தலையணையைப் பிடித்துக்கொண்டாள்.

கோயிலுக்குப் போய் அம்பாள் முன்னால் நின்றேன்.  நான் சொல்வது மட்டும் இங்கே கேட்கிறதா, அல்லது இதுவும் அவுட்பாக்ஸில் தங்குகிறதா என்று ஒரு நினைப்பு வந்தது. சாமி முன்னால் அப்படி நினைக்கலாமா? கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த நினைப்பு வந்தது உண்மை.

மறுநாள் விடிந்ததும் அந்தத் தம்பியைத் தேடி விளாத்திகுளத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து நாகலாபுரம். அதற்கப்பால் பஸ் போகவில்லை. நனைந்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு எட்டுக்கும் செருப்பில் ஒரு படி மண் ஏறும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் காட்டில் ஜனம். கம்பு, உளுந்து, பருத்தி என்று ஆளாளுக்கு விதைத்துக்கொண்டிருந்தார்கள். மழை வந்துவிட்டது என்ற சந்தோஷம் எல்லார் குரலிலும். ஒருத்தி என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, மழையில நனைஞ்ச கோழி மாதிரி வாரீங்க, மழை பெஞ்சதுக்குச் சிரிக்கலாம்லா?" என்று கேலி பண்ணினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தத் தம்பி வேட்டியை மடித்துக் கட்டி, அவன் அய்யாவோடு விதைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி இம்புட்டுத் தூரம்? நான் இன்னைக்கு வந்திருக்கணும். மழை பெஞ்சிட்டு. ஈரம் காயுததுக்குள்ள விதைக்காம எப்படி வாரது?" என்றான்.

அவனை எப்படிக் குற்றம் சொல்வேன்? நானும் கரிசல்காட்டில் பிறந்தவன்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. கையில் இருந்த விதையை அப்படியே மடியில் கொட்டிக்கொண்டு, "வாங்க" என்று எனக்கு முன்னால் ஓடினான்.

ஆபீசுக்கு வந்து, சேறு காய்ந்த காலோடு உட்கார்ந்தான். அந்தக் கேடயத்தைத் தட்டி, பாஸ்வேர்டை அடித்து, ஒரு பக்கத்தைத் திறந்தான். வெளியே போகிற மெயிலை எல்லாம் மறி என்று அதில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு சின்ன 'சரி' குறி. அதை எடுத்தான். அவ்வளவுதான். கண்ணை மூடித் திறக்கிற நேரம்.

அவுட்பாக்ஸில் இருந்த பதில் போய்விட்டது. போகிறபோது ஒரு சின்னச் சத்தம் வந்தது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். அந்தத் தம்பி நிமிரவே இல்லை.

"வேணும்னு செய்யலை அண்ணாச்சி. அந்த வைரஸ் தானா மெயில் விடக் கூடாதேன்னுதான்..."

"தெரியும்ப்பா" என்றேன். 

கப்பல் அன்று காலையே துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. மும்பையில் ஆபீஸ் திறந்த பிறகு அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் பதில் நடுக்கடலில் மகனுக்குக் கிடைத்தது. அவன் என்ன செய்திருக்கிறான் என்றால், மெயிலின் மேலே இருந்த தேதியைப் பார்த்திருக்கிறான். விஜயதசமித் தேதி. நாங்கள் முதலில் அமுக்கிய நாளின் தேதிதான் அதில் பதிந்திருக்கிறது, வெளியே போன நாள் இல்லை. கப்பல் துறைமுகத்தில் நின்றபோதே மெயில் வந்தும் கேப்டன் மறைத்துவிட்டார் என்று நினைத்து, அவரோடு சண்டைக்குப் போய்விட்டான். வேலை போகிற நிலைமை. நாங்கள் விளக்கி எழுதிய பிறகு அவர் காலில் விழுந்தானாம்.

வீட்டில் மனைவியிடம் பதில் போய்விட்டது என்று சொன்னேன். கப்பலும் போய்விட்டது என்று சொன்னேன். இதில் எதையும் அவளிடம் நான் மறைக்கவில்லை. "பாவம், பிள்ளை மனசு என்ன பாடுபடும்" என்று மட்டும் சொன்னாள்.  பிடித்து வைத்த தண்ணீரை நான் கொட்டவும் இல்லை, எடுத்துக் குளிக்கவும் இல்லை.

ஒரு பிரதோஷத்தன்று மத்தியானம் அவள் போய்விட்டாள். கடைசியாக என்னிடம் கேட்டது, "பதில் வந்துச்சா?" என்பதுதான். நான் "வாரான்மா" என்றேன். கேட்டாளா என்று தெரியவில்லை.

என் கூடப்பிறந்த தம்பியின் மகன் கொள்ளி வைத்தான்.

வந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், மகனுக்குச் சொன்னீர்களா, மகனுக்குச் சொன்னீர்களா என்று. சொன்னோம் என்று காட்ட நினைத்து, ஆபீசில் எடுத்து வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து மைத்துனரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே இருந்த தேதியை வாசித்தார். மகன் எழுதியதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவன் கேட்ட அன்னைக்கே நீங்க வரச் சொல்லியிருக்கீங்க. அப்ப கப்பல் கரையிலதான் நின்னிருக்கு. அப்படித்தானே?"

"எழுதினது அன்னைக்கு. போகலை அத்தான். பெட்டிக்குள்ளயே இருந்துட்டு. ஃபயர்வால்னு ஒண்ணு..."

"என்ன வாலோ! தேதி போட்டிருக்குல்லா. மனுஷன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் சொல்லுமா? உம்ம மகன் சம்பளத்தைப் பாத்துட்டான். அதைச் சொல்லும்."

தங்கையைப் பறிகொடுத்த வேதனையில் பேசினார். அன்று மன்னித்தேன், இன்றும் மன்னிக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு வீட்டு முற்றத்தில் நிற்கவில்லை. பந்தலுக்கு வெளியே போய், தெருவுக்குப் போய், விளாத்திகுளம் சொந்தம், மணியாச்சி சொந்தம் என்று எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. நான் சொன்ன உண்மை மட்டும் ஒருத்தருக்கும் போகவில்லை. அப்போது கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே எங்கள் சொந்தத்தில் கொஞ்சம் பேர். ஒரு பெட்டி கடுதாசியை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே விடாமல் இருக்கும் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

மகன் வந்தபோது காரியம் எல்லாம் முடிந்துவிட்டது. மாமா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். அவர் கதவைத் திறந்து, "யாருப்பா நீ?" என்று கேட்டாராம். இவன் அப்படியே திரும்பிவிட்டான். அன்று மாலை என்னோடு ஆபீசுக்கு வந்தான். கம்ப்யூட்டர் பிள்ளையிடம், "அந்த இடத்தை மட்டும் காட்டுங்க" என்றான். அவள் அவுட்பாக்ஸைத் திறந்து காட்டினாள். அது காலியாக இருந்தது. வெறும் வெள்ளை. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கண்ணாடி ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சந்தனம் இருந்தது. அதை நகத்தால் சுரண்டப் போனான், அப்புறம் கையை எடுத்துக்கொண்டான்.

"எழுதலைன்னா சுகம்னு எடுத்துக்கிடுதேன்னு நான்தானப்பா சொன்னேன்" என்றான்.  அதைப் பற்றி அவன் சொன்னது இன்றுவரை அது ஒன்றுதான்.

இன்னும் கப்பலில்தான் இருக்கிறான். ஊருக்கு வந்தால் வீட்டை விட்டு வெளியே இறங்க மாட்டான். சொந்தத்தில் நல்லது கெட்டது எதற்கும் போக மாட்டான். பெண் பார்க்கப் போன இரண்டொரு இடத்திலும் இந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. நான் கண்ணை மூடும்போது அவன் பக்கத்தில் இருப்பானா என்று தெரியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர் ஒன்று சொல்லும்.

தினமும் கோயிலுக்குப் போகிறேன். விளக்கேற்றுகிறேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று அம்பாளிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வராதோ என்ற பயம்தான்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்கிறேன். இதை உங்கள் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதியபடியே சொல்லுங்கள். பூஜைக்கு வைத்த பெட்டியால் சாமி குத்தம் ஆகிவிட்டது என்று சேர்க்காதீர்கள், அப்படி ஒன்றும் இல்லை. அந்தத் தம்பி படிக்காத முட்டாள் என்று சேர்க்காதீர்கள், அவன் நல்லதற்குத்தான் செய்தான். என் மனைவி கண்ணை மூடும்போது மகன் எதிரே வந்து நின்றதாகத் தெரிந்தது என்று எங்கள் தெருவிலேயே ஒருவர் சொல்லித் திரிந்தார். அதையும் சேர்க்காதீர்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.

அம்மாவைப் பார்க்க வரட்டுமா என்று மகன் கேட்டான். வா என்று நாங்கள் சொன்னோம். சொன்னது அவனுக்குப் போகவில்லை. இதில் ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இந்த ஒன்றையாவது எழுதின மாதிரியே போக விடுங்கள்.